ஐந்தாவது நட்டு

அந்த வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. கையில் எது கிடைத்தாலும் அதைப் பத்திரமாக வைத்துவிடுவார். சாதாரணப் பத்திரம் இல்லை. திருடன் வந்தால் திருடனுக்கும் கிடைக்காது, வைத்தவருக்கும் கிடைக்காது, அப்படியொரு பத்திரம். மூக்குக்கண்ணாடியை அரிசி டப்பாவுக்குள் வைத்தவர். மீட்டர் பெட்டியின் சாவியை மீட்டர் பெட்டிக்குள்ளேயே வைத்து அழுத்திச் சாத்தியவர். தெருவில் அவருக்கு லாக்கர் என்று பெயர். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு அவரும் தலையாட்டிவிட்டுப் போவார்.

அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். எத்தனையோ வியாதிகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவள், வீட்டில் இருந்த இந்த ஒரு வியாதியை மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கல்யாணமான புதிதில் சிரித்தாள். பிறகு சண்டை போட்டாள். பிறகு தண்ணீர் தெளித்து விட்டுவிட்டாள். ஆனால் அந்தப் புதன்கிழமை காலையில் வாசலில் நின்ற கார், அப்படி விட்டது தப்பு என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தது.

கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. முன்சக்கரம் ஒன்று காற்றே இல்லாமல் தரையோடு தரையாகச் சப்பிக் கிடந்தது. டயரில் ஒரு ஆணி, சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

பதினோரு மணிக்கு அவளுக்கு ஓட்டுநர் தேர்வு. தேர்வுக்கு வண்டியை நாம்தான் கொண்டுபோக வேண்டும். வாடகை வண்டி செல்லாது. எதிர்வீட்டுக் கார் கியர் இல்லாத வண்டி, அதுவும் செல்லாது.

இந்தத் தேர்வு சும்மா ஆசைக்கு எழுதிக் கொடுத்தது இல்லை. ஊருக்கு வெளியே, பாலம் தாண்டி, ஆஸ்பத்திரி ஒரு புதுக் கிளை திறந்திருந்தது. அதற்குத் தலைமை நர்ஸாக அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விடிவதற்கு முன்பே வேலை தொடங்கும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டபோது, "வாங்கிடுவேன்" என்று அவள் சொல்லிவிட்டு வந்தாள். போன தடவை தேர்வில் மேட்டில் வண்டி பின்னுக்கு உருண்டு தோற்றுப்போனாள். இன்று தவறினால் அடுத்த தேதி மழைக்காலம் முடிந்த பிறகுதான். அதுவரை ஒரு நாற்காலியை யாரும் காலியாக வைத்திருக்க மாட்டார்கள். திங்கட்கிழமையே வேறொருத்தி வந்து உட்கார்ந்துவிடுவாள். இத்தனை வருஷமாக மற்றவர்கள் போட்டுக் கொடுத்த டூட்டியைப் பார்த்தே இடுப்பொடிந்தவள் அவள். ஒரு தடவையாவது டூட்டி போடுகிற நாற்காலியில் உட்கார வேண்டும். அதை ஆசை என்று சொன்னால் போதாது, வெறி என்றே சொல்லலாம்.

"என்ன, உன் வண்டி மண்டி போட்டுடுச்சா?" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

நாத்தனார். வீட்டுக்காரரின் அக்கா. முன்னறைதான் அவளுடைய தையல் கடை. ஆள் நல்ல கனம், குரல் அதைவிடக் கனம். ஜன்னலை ஒட்டி ஒரு பெரிய வெட்டு மேசை. அதில் எப்போதும் ஏதாவது துணி விரிந்திருக்கும், துணி நகராமல் இருக்க ஓரத்தில் கிடைத்த இரும்பையெல்லாம் வைத்திருப்பாள். பழைய தராசுக் கல், உடைந்த கதவுக் கொண்டி, பெயர் தெரியாத துண்டு துணுக்குகள். அந்த மேசையிலிருந்து அவள் நகர்வதே அபூர்வம். அங்கிருந்தபடியே தெருவையும் வீட்டையும் தம்பி மனைவியையும் ஆட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

தலைமை நர்ஸ் கோட்டுக்கு என்று ஆஸ்பத்திரியில் ஒரு நீலத் துணி கொடுத்திருந்தார்கள். அதைத் தைத்துத் தரச் சொல்லி இவள் கொண்டுபோய்க் கொடுத்தபோது நாத்தனார் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மொதல்ல லைசென்ஸ் வாங்கு. வெட்டின துணிய ஒட்ட வைக்க எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டாள். துணி மடித்தபடியே இவள் அலமாரியில் கிடந்தது. அந்த வார்த்தை மட்டும் மடங்காமல் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

"பஞ்சர்தான் அண்ணி. ஸ்டெப்னி இருக்கு, மாத்திடலாம்" என்றாள் இவள், எதுவும் நடக்காததுபோல.

ஜன்னலுக்குள் தையல் மிஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். இந்த மாதிரி வேலையென்றால் அவருக்கு ஒரு உற்சாகம் வரும். சக்கரத்துக்கு ஐந்து நட்டு. ஒன்றைத் தளர்த்தினார், இரண்டைத் தளர்த்தினார், மூன்று, நான்கு. ஐந்தாவதில் ஸ்பேனரை வைத்தார். அது நிற்காமல் வழுக்கியது. குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் இவளும் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"இது பூட்டு நட்டு" என்றார்.

"அப்படின்னா?"

"பின்தெருவுல ஒருத்தர் வண்டியில சக்கரத்தையே கழட்டிட்டுப் போயிட்டாங்கல்ல, அப்ப வாங்கி மாட்டினேன். சக்கரத்துக்கு ஒண்ணு. சாதா ஸ்பேனருக்கு அசையாது. அதுக்குன்னு தனியா ஒரு சாவி இருக்கு. கட்டைவிரல் உசரத்துல, குட்டியா, வாயில பூ மாதிரி வெட்டு இருக்கும்."

"சரி. அந்தச் சாவி எங்க?"

அவர் சட்டைப் பையைத் தடவினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பத்திரமாத்தான் வச்சிருக்கேன்" என்றார் அவர்.

தேடல் தொடங்கியது. கட்டிலைப் புரட்டினார்கள், பரணை இறக்கினார்கள், சமையலறை டப்பாக்களைக் கவிழ்த்தார்கள். என்னவெல்லாம் கிடைத்தது தெரியுமா? தொலைந்துபோனதாக அழுது தீர்த்த ஒற்றைக் கம்மல் கிடைத்தது. இடித்துவிட்ட பழைய கழிப்பறையின் சாவி கிடைத்தது. குளியலறைக் குழாய் மாற்றியபோது கழற்றிய பழைய இரும்புக் குழாய், துணி சுற்றி, கட்டிலுக்கடியில் கிடந்தது. பூட்டு நட்டு மாட்டியபோது கழற்றிய அசல் நட்டுகள் நாலும், ஒரு பழைய ஷூவின் விரல் பக்கத்தில் காகிதத்தில் பொதிந்து பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. கம்பளிகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத, நட்டு கழற்றுகிற சாக்கெட் செட் ஒன்று, நீளக் கைப்பிடியோடு. வேண்டிய ஒன்றைத் தவிர எல்லாம் கிடைத்தது.

முன்னறைப் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. நாத்தனாரின் மேசையில் கைவைத்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவளும் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. எதையாவது காணோம் என்பது அந்த வீட்டில் தினமும் நடப்பதுதானே. துணியிலிருந்து தலையைத் தூக்காமல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

இவள் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"சாவி இல்லையா? அப்படியே விட்டுடுங்கம்மா. சாயங்காலம் வந்து பாக்குறேன்" என்றான் அவன்.

"சாயங்காலம் எனக்கு எதுக்கு? நீங்க வந்தா என்ன செய்வீங்க, அத மட்டும் சொல்லுங்க."

"அதெல்லாம் உங்களால முடியாதும்மா. நட்டவிட ஒரு பொடி சின்ன சாக்கெட்டா எடுத்து, சுத்தியலால அடிச்சு நட்டு மேல இறக்கணும். அது கவ்விக்கிட்டப்புறம் கைப்பிடியில நீளமா குழாய மாட்டித் திருப்பணும். மத்த நாலு நட்டையும் திரும்ப இறுக்காம திருப்பினா பாரமெல்லாம் இது மேலயே நிக்கும், போல்ட்டு முறிஞ்சிடும். ஜாக்கி வச்சுத் தூக்கிட்டுச் செஞ்சா வண்டி சரிஞ்சிடும். வேணாம்மா, விஷப்பரீட்சை."

"ரொம்ப நன்றிங்க" என்று இவள் போனை வைத்தாள். செய்யக் கூடாது என்று அவன் சொன்னதிலேயே எப்படிச் செய்வது என்பது முழுசாக இருந்தது. டாக்டர்கள் திட்டுவதிலிருந்தே பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டவள் அவள்.

சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து அந்த ஐந்தாவது நட்டைப் பார்த்தாள். வெளிப்பக்கம் வழுவழுவென்று உருண்டை, பிடிக்க ஒரு மூலை இல்லை. அவளுக்கு வீங்கின விரல்கள் ஞாபகம் வந்தன. விரல் வீங்கி மோதிரம் இறுகிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் உண்டு. வெட்டு, வெட்டு என்று எல்லோரும் பறப்பார்கள். அவளைக் கூப்பிட்டால் எண்ணெய் விடுவாள், கொஞ்சம் பொறுப்பாள், முன்னும் பின்னுமாக அசைப்பாள். பிறகு மோதிரம் தானாக வரும். அந்த வார்டில் அவளிடம் தோற்காத மோதிரம் இல்லை.

"என்னங்க, அந்த சாக்கெட் செட்டப் பிரிங்க."

"அது புதுசும்மா."

"தெரியும். அதான் கேக்குறேன். அப்படியே அந்தக் குழாயையும் எடுத்துட்டு வாங்க, தையல் மிஷின் எண்ணெயையும்."

எண்ணெயை நட்டைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அது உள்ளே இறங்கட்டும் என்று விட்டுவிட்டு, மற்ற நாலு நட்டையும் மறுபடி இறுக்கினாள். பிறகு சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒன்று தொளதொளவென்று ஆடியது. அதற்கடுத்தது நட்டின் வாயில் உட்கார்ந்தும் உட்காராமலும் நின்றது. இதுதான்.

சுத்தியலை ஓங்கி முதல் அடி அடித்தாள். அடி சாக்கெட்டில்தான் விழுந்தது, வலி வீட்டுக்காரர் முகத்தில் தெரிந்தது. இரண்டாவது அடிக்கு அவர் திரும்பி நின்றுகொண்டார். சாக்கெட் கொஞ்சம் கொஞ்சமாக நட்டின் மேல் ஏறியது. சத்தம் மாறும்வரை அடித்தாள். கணகணவென்றிருந்த சத்தம் மொத்தென்று ஆனதும் நிறுத்தினாள். கையால் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை, கவ்விவிட்டது.

கைப்பிடியைப் பொருத்தி, அதில் பழைய குழாயை மாட்டினாள். குழாய் தரைக்குப் படுக்கையாக, காருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதன் நுனியைக் கீழே அழுத்தினால் நட்டு கழலும் பக்கம் திரும்ப வேண்டும். அழுத்தினாள். திரும்பவில்லை. இரண்டு கையாலும் தொங்கினாள். குழாய் லேசாக வளைந்துகொடுத்ததே தவிர நட்டு வளையவில்லை.

"நீ தள்ளிக்கோ" என்று வீட்டுக்காரர் வந்தார். குழாயின் மேல் ஏறி நின்றார். அவர் ஒல்லியான மனுஷன். குழாய் அவரை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மேலே நின்றபடி இரண்டு தடவை குதித்தார், பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"போதும்மா. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அந்த 'அடுத்த தடவை' அவளை அப்படியே சுட்டது. தரையில் உட்கார்ந்து அழுதுவிடலாம் போலிருந்தது. நாற்காலி கண்முன்னால் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது, அதைத் தள்ளிக்கொண்டு போவது ஒரு துக்கடா இரும்பு. அவள் நிமிர்ந்தபோது ஜன்னலில் நாத்தனார் தெரிந்தாள். கத்தரியைக் கையில் வைத்தபடி இவ்வளவு நேரமும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"ஆட்டம் முடிஞ்சுதா?" என்றாள் நாத்தனார்.

இவளுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இவளுக்கே தெரியாது. எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நேராக ஜன்னலுக்குப் போனாள்.

"இன்னும் முடியல அண்ணி. நீங்க கொஞ்சம் வெளிய வாங்க."

"நான் எதுக்கு?"

"இத்தன வருஷம் என் தலை மேல ஏறி நின்னீங்க. நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. இன்னைக்கு ஒரே ஒரு தடவை அந்தக் குழாய் மேல ஏறி நில்லுங்க."

வீட்டுக்காரர் மூச்சை நிறுத்திக்கொண்டார். ஏதாவது மறைவிடம் இருக்கிறதா என்று அவர் கண் தேடியது, தன்னையே பத்திரமாக வைத்துக்கொள்ள. நாத்தனார் தம்பி மனைவியை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் கிரீஸ், முழங்காலில் மண், கண்ணில் அழுகை நிற்கிறது, ஆனால் பார்வை இறங்கவில்லை. நாத்தனார் கத்தரியை மேசையில் வைத்தாள்.

அவள் வாசலுக்கு வந்ததே ஒரு ஊர்வலம் மாதிரி இருந்தது. குழாயைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"விழுந்தேன்னா உங்க ரெண்டு பேரையும் சும்மா விடமாட்டேன்."

"விழ விடமாட்டேன்" என்று இவள் தோளைக் கொடுத்தாள். "குதிக்காதீங்க அண்ணி. எங்க வார்டுல மோதிரம் கழட்டுற மாதிரிதான். மெல்ல பாரத்தக் குடுங்க, எடுங்க. மறுபடி குடுங்க."

நாத்தனார் ஒரு காலை வைத்தாள். குழாய் முனகியது. பாரத்தைக் கொடுத்தாள், எடுத்தாள். இவள் ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு மறு கையால் சாக்கெட் நழுவாமல் அழுத்திப் பிடித்திருந்தாள். மறுபடி கொடுத்தாள். நட்டு அசையவில்லை. நாத்தனாருக்குக் கோபம் வந்தது. அவள் ஒரு காரியத்தில் இறங்கி, அது அவள் சொல்லைக் கேட்காமல் போனதாக அந்த வீட்டுச் சரித்திரத்தில் இல்லை. "என்னையேவா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மற்றக் காலையும் தூக்கிக் குழாயின் மேல் வைத்தாள்.

டக் என்று ஒரு சத்தம். குழாய் தடாலென்று தாழ்ந்தது, நாத்தனார் முழுப் பாரத்தோடும் இவள் மேல் சரிந்தாள், இரண்டு பேரும் மதில் சுவரில் போய் முட்டி நின்றார்கள்.

போல்ட்டு முறிந்துவிட்டது என்றுதான் இவள் நினைத்தாள். குனிந்து கைப்பிடியைத் தொட்டாள். அது திரும்பியது. ஒரு விரலால் திருப்பினாள், அதற்கும் திரும்பியது. அரை சுற்று, ஒரு சுற்று, அப்புறம் சுற்றிக்கொண்டே வந்து, ஐந்தாவது நட்டு சாக்கெட்டுக்குள் மாட்டிக்கொண்டபடியே கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. கனமாக, சூடாக இருந்தது. பெற்றெடுத்த பிள்ளையைப் பார்ப்பதுபோல அதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"வந்துடுச்சு" என்றாள் இவள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அவள் அடக்கவில்லை.

"வராம எங்க போகும்" என்றாள் நாத்தனார், மூச்சு வாங்க, புடைவையைச் சரிசெய்துகொண்டு.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஜாக்கி ஏறியது, சப்பிப்போன சக்கரம் இறங்கியது, ஸ்டெப்னி ஏறியது. ஐந்தாவது இடத்துக்கு, ஷூவுக்குள் தூங்கிய அசல் நட்டில் ஒன்றை எடுத்து முடுக்கினார்கள். வீட்டுக்காரர் அதைத் திருகும்போது லேசாகத் தொண்டையைச் செருமினார். "அன்னைக்கு இத நான் பத்திரமா எடுத்து வைக்கலன்னா..." என்று ஆரம்பித்தார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள். அவர் ஜாக்கியை இறக்கப் போய்விட்டார்.

இவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள், பக்கத்தில் வீட்டுக்காரர். பின்கதவு திறந்தது. கார் பின்பக்கம் ஒரு தாழ்வு தாழ்ந்தது.

"நீங்க எங்க அண்ணி?"

"நடுவழியில இன்னொரு நட்டு முரண்டு பிடிச்சா யாரு ஏறி நிப்பா? இவனா? வண்டிய எடு."

தேர்வு மைதானத்தில் அதிகாரி இவள் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கருப்பு, சோப்புக்கும் போகவில்லை.

"என்ன இது?"

"டயர் மாத்தினேன் சார்."

அவர் ஏறி உட்கார்ந்தார். வளைவுகள், பின்னோக்கி எடுப்பது, ஓரம் கட்டுவது எல்லாம் முடிந்து மேடு வந்தது. போன தடவை அவளைக் கவிழ்த்த அதே மேடு. பாதி மேட்டில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். அவசரப்படவில்லை. மெல்லப் பாரத்தைக் கொடு, எடு. கிளட்ச் ஒரு இடத்தில் கவ்வியதை உள்ளங்கால் சொன்னது, காலையில் சாக்கெட் கவ்வியதைக் கை சொன்ன மாதிரியே. ஹேண்ட்பிரேக்கை விட்டாள். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் மேடேறி உச்சியில் போய் நின்றது. வேலிக்கு வெளியே நின்ற நாத்தனார், பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், "எங்க வீட்டுப் பொண்ணு" என்று சொன்னதை இவள் கேட்கவில்லை. வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் முன்னறை விளக்கைப் போட்டாள்.

"அந்த நீலத் துணிய எடுத்துட்டு வா."

இவள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். நாத்தனார் அதை மேசையில் விரித்து, உள்ளங்கையால் நீவி, ஓரத்தில் ஒவ்வொன்றாக இரும்பை வைத்தாள். தராசுக் கல், கதவுக் கொண்டி. கடைசியாகக் காலர் வரவேண்டிய இடத்தில், கட்டைவிரல் உயரத்தில், குட்டியாக ஒன்று. அதன் வாயில் பூ மாதிரி ஒரு வெட்டு.

இவள் பார்த்தபடியே நின்றாள்.

"அண்ணி, இது ஏது?"

"பட்டன் டப்பாவுல கிடந்துச்சு. உன் வீட்டுக்காரன் போட்ட குப்பையா இருக்கும். நல்லா கனமா இருக்கேன்னு எடுத்து வச்சேன். ஏன்?"

அதற்குள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் பூரித்துப்போனது.

"நான்தான் சொன்னேன்ல? பத்திரமாத்தான் வச்சிருக்கேன்னு."

நாத்தனாருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. தம்பியைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே நின்ற காரைப் பார்த்தாள். காலை முழுவதும் அது அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

"அப்போ நான் செருப்ப கழட்டி வச்சிட்டு அந்தக் குழாய் மேல ஏறினதெல்லாம் வீண்தானா?"

"இது காலையிலயே கிடைச்சிருந்தா, நீங்க இந்த ஜன்னல விட்டு வெளிய வந்திருக்கவே மாட்டீங்க அண்ணி" என்றாள் இவள். "நான் தனியாத்தான் போயிருப்பேன். மேட்டுல மறுபடியும் உருண்டிருப்பேன்."

நாத்தனார் குனிந்து சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள், அதை அழித்துவிட்டு இன்னும் கவனமாகப் போட்டாள்.

"காலர் எவ்வளவு உசரம் வைக்கட்டும்?"

"தலைமை நர்ஸுக்கு எவ்வளவு வைப்பீங்களோ, அவ்வளவு."

வீட்டுக்காரர் மெதுவாக மேசைக்குப் பக்கத்தில் வந்தார். "அந்தச் சாவியக் குடுங்க. மறுபடி எங்கயாவது பத்திரமா..." என்று கையை நீட்டினார்.

"கைய எடுங்க" என்றாள் இவள்.

"கைய எடுடா" என்றாள் நாத்தனார்.

இரண்டும் ஒரே குரலாக விழுந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார். சாவி இருந்த இடத்திலேயே துணியை அழுத்திக்கொண்டு இருக்க, நாத்தனாரின் கத்தரி நீலத் துணிக்குள் இறங்கியது.